மூன்று ஓடுகளும் ஒரு சிறுமியும்

எங்கள் பெரியம்மா பெயர் பிலோமினா. கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்தப் பெயரில் ஒரு பாட்டியோ அத்தையோ டீச்சரோ கட்டாயம் இருப்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரிய புனிதையைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு என்று பார்த்தால், மூன்று சுட்ட மண் ஓடுகள். அவ்வளவுதான்.

1802 மே மாதம், ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஒரு குழியைத் திறந்தார்கள். உள்ளே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியின் எலும்புகள், பக்கத்தில் உடைந்த கண்ணாடிக் குப்பி. குழியை மூடியிருந்த ஓடுகளில் லத்தீன் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன: 'லூமெனா – பாக்ஸ் தே – கும் ஃபி'. முதல் ஓட்டைக் கடைசியில் வைத்தால், 'ஃபிலூமெனா, உனக்குச் சமாதானம்'. குப்பியில் இருந்தது ரத்தம் என்று நம்பியதால், விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சி என்று முடிவுசெய்தார்கள். 1805இல் எலும்புகள் நேப்பிள்ஸ் பக்கத்து முன்யானோ ஊருக்குப் போயின. அவளால் புதுமைகள், அதாவது அற்புதங்கள், நடப்பதாகப் பேச்சு பரவியது. பிரான்சின் ஆர்ஸ் ஊர்ப் பங்குச்சாமியார் ஜான் வியான்னி தனக்கு நடந்த புதுமைகளை எல்லாம் அவள் கணக்கில்தான் எழுதினார். 1837இல் போப்பாண்டவர் பதினாறாம் கிரகோரி அவளுக்கு விழா எடுக்க அனுமதி தந்தார்.

சரி, அவள் வாழ்க்கை வரலாறு? அது 1833இல் ஒரு கன்னியாஸ்திரி கண்ட காட்சிகளிலிருந்து வந்தது. கிரேக்க இளவரசி, ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் பெண் கேட்கிறான், மறுக்கிறாள். நங்கூரம் கட்டி ஆற்றில் எறிகிறார்கள், அம்பு எய்கிறார்கள், கடைசியில் தலையை வெட்டுகிறார்கள். ஓடுகளில் என்ன படம் தெரியுமா? நங்கூரம், அம்பு, குருத்தோலை. படத்தைப் பார்த்துக் கதை கட்டியது போலவே இருக்கிறது. அந்தக் கல்லறைகளில் நங்கூரம் நம்பிக்கையின் சின்னம். யாரையும் மூழ்கடித்த கருவி அல்ல.

அப்புறம் அகழ்வாராய்ச்சியாளர் மருக்கி வந்து, ஓடுகளே வேறொரு கல்லறையிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தியவை, அதனால்தான் வரிசை மாறியிருக்கிறது என்றார். அப்படியானால் அந்தப் பெயரே அவளுடையதாக இல்லாமல் போகலாம். குப்பியில் இருந்தது வாசனைத் திரவியமாக இருக்கலாம் என்கிறார்கள். 1961இல் வத்திக்கான் அவள் திருநாளைத் திருச்சபை நாள்காட்டிகளிலிருந்து எடுத்துவிட்டது.

பக்தியைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. மைசூர் பேராலயத்தின் நிலவறையில், படுத்திருக்கும் அவள் சுரூபத்தின் முன்னால் நானும் மெழுகுதிரி ஏற்றியவன்தான். என் வருத்தம் அந்தக் கதைமேல். செத்துப்போன ஒரு பிள்ளையை மதிக்க, அவளை இளவரசியாக்கி, பேரழகியாக்கி, ஒரு ராஜா ஆசைப்பட்டான் என்றும் சொல்ல வேண்டியிருந்ததா? பெயர் தெரியாத பிள்ளையின் எலும்பு என்றால் முழங்கால் மடங்காதா?

நாள்காட்டி விஷயத்தைப் பெரியம்மாவிடம் சொல்லத் தயங்கித்தான் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "ஓட்டுல என்னடா எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன்.

"பெத்தவ எழுதச் சொல்லியிருப்பா" என்றார்.