டெவலப்பர் லேப்டாப்புல ரெண்டு டிஎன்எஸ்ஸை கலக்காதீங்க

டிஎன்எஸ்னா வெப்சைட் பேரைக் கேட்டா அதோட ஐபி நம்பரைச் சொல்ற சர்வர். நெட் சரியா வரலையா, டிஎன்எஸ்ஸா 8.8.8.8 போடுன்னு சொல்றது பழக்கமாவே ஆயிடுச்சு. கூகுள் அதை 2009 டிசம்பர்ல கொண்டு வந்துச்சு, 2018 ஏப்ரல்ல க்ளவுட்ஃப்ளேரோட 1.1.1.1 வந்துச்சு, ரெண்டுமே நல்ல சர்வீஸ்தான், அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. ஆனா கோட் எழுதுற மெஷினோட டிஎன்எஸ் செட்டிங்ல ஆபீஸ் டிஎன்எஸ் ஒரு வரி, இந்த மாதிரி பொது டிஎன்எஸ் அடுத்த வரின்னு போட்டு வைக்கிறோம் பாருங்க, அது பெரிய தப்பு.

எங்க டீம்லயும் எல்லார் மெஷின்லயும் அப்படித்தான் இருந்துச்சு. உள்ளுக்குள்ள மட்டும் தெரியற ஒரு டேட்டாபேஸ் பேரு, லேப்டாப்புல நேரா ஓட்டினா கனெக்ட் ஆகுது, அதே கோட் கன்டெய்னருக்குள்ள (டாக்கர் மாதிரி, புரோகிராமைத் தனியா பிரிச்சு ஓட்டுற பெட்டி) சில சமயம் ஓடுது சில சமயம் "அப்படி ஒரு ஹோஸ்டே இல்ல"ன்னு விழுது, ரெண்டு நாள் நாங்க கோடையும் ஃபயர்வாலையும் மாத்தி மாத்தி பாத்துட்டே இருந்தோம். கடைசியில டிக்ங்கற கமாண்டைப் போட்டு ஒவ்வொரு சர்வரா கேட்டப்பதான் புரிஞ்சுது.

ரெண்டாவது வரியை நம்மள்ல நிறைய பேரு "முதல்ல கிடைக்கலன்னா இங்க தேடும்"னு நினைக்கிறோம். அப்படி இல்லவே இல்ல. "இந்தப் பேரு இல்ல"ங்கறதும் ஒரு முழுப் பதில்தான். சாதாரண லினக்ஸ்ல முதல் சர்வர் பதிலே சொல்லாம போனாலோ எரர் குடுத்தாலோதான் அடுத்ததுக்குப் போகும். கன்டெய்னர்ல நிறைய பேர் போடுற சின்ன லினக்ஸான ஆல்பைன் இமேஜ்ல இருக்குற மசில் லைப்ரரியோ எல்லா சர்வரையும் ஒரே நேரத்துல கேட்டு, முதல்ல வர்ற பதிலை எடுத்துக்கும். ஆபீஸ் பேரு பொது டிஎன்எஸ்ஸுக்கு எங்க தெரியும், அது "இல்ல"ன்னு சொல்லும், அந்தப் பதில் முந்திக்கிட்டா கதை முடிஞ்சுது. போதாததுக்கு உள்ள இருக்குற சர்வர் பேரெல்லாம் வெளிய போயிட்டே இருக்கு, இது எனக்கு இன்னும் பெரிய கவலை.

இப்ப நான் லேப்டாப்லயே அன்பவுண்ட்ங்கற டிஎன்எஸ் சர்வரை ஓட்டுறேன். ஆபீஸ் பேருன்னா ஆபீஸ் டிஎன்எஸ்ஸுக்கு மட்டும் போகும், மத்ததெல்லாம் டிஎல்எஸ் வழியா, அதாவது என்க்ரிப்ட் ஆகி, குவாட்9-ங்கற பொது டிஎன்எஸ்ஸுக்கு. எதை யாருகிட்ட கேக்கணும்னு நாமளே சொல்லிடுறோம், ரேஸே கிடையாது. ஒண்ணு கவனிங்க, டிஎன்எஸ் சர்வர்களை எழுதி வைக்கிற ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைல்ல 127.0.0.1 (அதாவது இதே மெஷின்) மட்டும் இருந்தா டாக்கரோட டீஃபால்ட் பிரிட்ஜ் (கன்டெய்னர்களை இணைக்கிற நெட்வொர்க்) அதைத் தூக்கிட்டு 8.8.8.8-ஐ போட்டுக்கும், அதனால அன்பவுண்டை பிரிட்ஜ் ஐபிலயும் கேக்க வச்சு அதை டாக்கர் செட்டிங்ல எழுதணும். பிரவுசர்ல செக்யூர் டிஎன்எஸ் ஆன்ல இருந்தா அதுவும் லோக்கலை தாண்டிப் போயிடலாம், அதையும் பாருங்க.

அப்ப நெட் கனெக்ஷன் குடுக்குற கம்பெனியோட (ஐஎஸ்பி) டிஎன்எஸ்? பக்கத்துல இருக்குறதால சிடிஎன் (ஒரே சைட்டைப் பல ஊர் சர்வர்ல இருந்து குடுக்குற நெட்வொர்க்) சரியான சர்வரைக் காட்ட வாய்ப்பு அதிகம், ஆனா சிலது இல்லாத பேருக்கு விளம்பரப் பக்கத்தைக் காட்டும், டெஸ்ட் பண்றவனுக்கு அது விஷம். சிடிஎன் வேலை பாக்குறவங்க இதையும் தெரிஞ்சுக்கணும், கூகுள் நம்ம ஐபியோட ஒரு பகுதியை அந்த சைட்டோட டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்பும், 1.1.1.1 பிரைவசிக்காக அனுப்பாது, அதனால ரெண்டுலயும் வேற வேற ஐபி வந்தா பதறாதீங்க.

டிஎன்எஸ்ல ஒரு பேருக்குப் புது ரெக்கார்ட் போடறதுக்கு முன்னாடி அந்தப் பேரை கேட்டுடாதீங்க, "இல்ல"ங்கற பதிலும் கேஷ் ஆகும், அதாவது கொஞ்ச நேரம் சேமிச்சு வச்சு அதையே திரும்பச் சொல்லும். கேட்டுட்டீங்கன்னா கூகுள், க்ளவுட்ஃப்ளேர் ரெண்டுமே கேஷை அழிக்க ஒரு பக்கம் வச்சிருக்காங்க. லோக்கல்ல அன்பவுண்டையும் ஃப்ளஷ் பண்ணிடுங்க.