கப்பல் தப்பினால் மட்டும் போதுமா?

1120 நவம்பரில் வடக்குப் பிரான்சின் நார்மண்டியில் உள்ள பார்ஃப்ளர் துறைமுகத்திலிருந்து கிளம்பிய வெள்ளைக் கப்பல் மூழ்காமல் இருந்தால் அதில் போன இளவரசர் வில்லியம், தன் அப்பா முதலாம் ஹென்றிக்குப் பிறகு அரசராகியிருப்பார், இங்கிலாந்தில் வாரிசுச் சண்டையே வந்திருக்காது என்று உங்கள் மாற்று வரலாற்றுக் கதையில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் வில்லியம் கிளிட்டோ எங்கே? முதலாம் ஹென்றி 1106இல் டின்ஷ்ப்ரே போரில் பிடித்துச் சிறைவைத்த அண்ணன் ராபர்ட்டின் மகன் அவர். நார்மண்டி தனக்கே உரியது என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், 1128இல்தான் இறந்தார். பிரெஞ்சு அரசர் ஆறாம் லூயி அவரைப் பலமுறை தூக்கிப் பிடித்திருக்கிறார். கப்பல் கரை சேர்ந்தாலும் இந்தப் பகை தீர்ந்துவிடாது.

அப்புறம், எனக்கு ரொம்பவே உறுத்தியது இது: தம்பி வில்லியம் பிழைத்திருந்தால், ஜெர்மானியப் பேரரசரை மணந்திருந்த அக்கா மட்டில்டா 1125இல் விதவையானாலும் வாரிசாக ஊர் திரும்ப வேண்டியதில்லை. பிரான்சின் ஆஞ்சூ பகுதியை ஆண்ட குடும்பத்தோடு உறவு வைக்க, அந்தக் குடும்பத்துப் பெண்ணோடு நடந்த வில்லியமின் 1119ஆம் ஆண்டுத் திருமணமே போதும். மட்டில்டா அந்தக் குடும்பத்து ஜெஃப்ரியை மணந்திருக்க மாட்டார். அவர்கள் மகன் இரண்டாம் ஹென்றியும் பிறந்திருக்க மாட்டார். அப்படியிருக்க, உங்கள் கடைசிப் பத்தியில் பேராயர் பெக்கெட் கான்டர்பரியில் கொல்லப்படுவது எப்படி? நிஜத்தில் அவர் மோதியது இரண்டாம் ஹென்றியோடுதானே? உங்கள் கதையில் எந்த அரசரோடு மோதினார்? கிளிட்டோவைச் சேர்த்து, இந்த இடத்தையும் திருத்தி எழுதுங்கள். கட்டாயம் படிப்பேன்.