நடுப்புள்ளி ஒரு இன்ச் தள்ளிப் போனால் ரிஜெக்ட்

போன வருடம் திருப்பூரில் எங்கள் யூனிட்டுக்கு, துணியைக் கட்டிச் சாயம் போடுகிற டை-டை டீ-சர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. டிசைன் விவரங்கள் எழுதி வரும் டெக் பேக்கில் ஸ்டைல் பெயருக்கு நேரே ‘ஃபெஸ்டிவல்’ என்று போட்டிருந்தார்கள். 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) சிங்கிள் ஜெர்சி பனியன் துணி. நெஞ்சின் நடுவில் தொடங்கிச் சுழன்று விரிகிற நாலு கலர். துணியை மேசையில் விரித்து, நடுவில் ஒரு சிட்டிகை பிடித்து முறுக்கிக்கொண்டே வந்தால் தடித்த ஊத்தப்பம் மாதிரி வட்டமாகச் சுருண்டு நிற்கும். அதற்கு ரப்பர் பேண்ட் போட்டு, பங்கு பங்காகப் பாட்டிலில் சாயம் பீய்ச்ச வேண்டும். முறுக்குகிற கை எவ்வளவு இறுக்குகிறது, எங்கே தளர்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பீஸும் வேறாக வரும். சாம்பிள் ஓகே ஆனது. மொத்தமும் போட்டு முடித்த பிறகு பையரின் தரச் சோதனைக்காரர் (க்யூசி) டேப்போடு வந்தார். ஓகே ஆன சாம்பிளில் இருந்து சுழலின் நடுப்புள்ளி ஒரு இன்ச்சுக்கு மேல் தள்ளியிருந்தால் ரிஜெக்ட் என்றார்.

டையிங் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏனுங்க சார், ஒண்ணாட்டம் ஒண்ணு இருக்கக் கூடாதுன்னுதானுங்க இதக் கட்டிச் சாயம் போடறதே? அச்சடிச்சாப்புல வேணும்னா பிரிண்ட் போட்டுக்கலாமுங்களே?”

பிரெஞ்சு ஃபேஷன் டிசைனர் ஹெடி ஸ்லிமானைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். ஷிப்மென்ட் தேதி தலைக்கு மேல் இருந்ததால் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

2012ல் ஈவ் செயின்ட் லாரன்ட் நிறுவனத்தின் டிசைன் பொறுப்பு ஸ்லிமான் கைக்கு வந்தது. பாரிஸின் பெரிய பெயர்களில் ஒன்று அது. இவரோ லாஸ் ஏஞ்சல்ஸில் உட்கார்ந்துகொண்டு டிசைன் செய்தார். போதாததற்கு, துணிகளின் லேபிளில் இருந்து ‘ஈவ்’ என்ற பெயரையே எடுத்துவிட்டார். கோபம் வந்தவர்கள் அதைக் கிண்டல் செய்து டீ-சர்ட் அச்சடித்து விற்றார்கள். ஒரு பெயரை எடுத்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்கு ஆச்சரியம். நம் ஊரில் கம்பெனி போர்டில் அப்பா பெயருக்குப் பதில் மகன் பெயர் வந்தால்கூட யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

2015 அக்டோபரில் அவர் காட்டிய கலெக்‌ஷன்தான் என் விஷயம். உள்ளாடை போன்ற மெல்லிய ஸ்லிப் டிரஸ், தலையில் டியாரா என்கிற சின்னக் கிரீடம், காலில் சேற்றில் நடக்கிற ரப்பர் பூட்ஸ். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழாவுக்குப் போனவர்கள் கூடாரத்தில் விழித்து, கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வெளியே வந்தது போல இருந்தது. 2005ல் மழை கொட்டித் தீர்த்த அந்தத் திருவிழாவில் பிரிட்டிஷ் மாடல் கேட் மாஸ் குட்டை உடையும் பூட்ஸுமாகச் சேற்றில் நடந்த போட்டோ பலருக்கு நினைவிருக்கும். அதே வாடை. இதில் டிசைன் எங்கே இருக்கிறது, பழைய துணிச் சந்தையில் பொறுக்கினால் கிடைக்குமே என்று திட்டியவர்களில் நானும் ஒருவன்.

திட்டியது பாதி தப்பு என்று இப்போது நினைக்கிறேன். மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

இந்தத் திருவிழா உடைக்கு மூலம் 1960களின் ஹிப்பி இளைஞர்கள். ஹிப்பி உடை என்று தனியாக ஒன்று கிடையாது, அது ஒரு சேர்மானம். யாருடையதோ பழைய ராணுவக் கோட்டு, ஆப்கானிஸ்தானில் வாங்கிய ஆட்டுத்தோல் அங்கி, இந்தியப் பாவாடை, ஒட்டுப்போட்ட ஜீன்ஸ் எல்லாம் ஒரே உடம்பில் ஏறும். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசைத் திருவிழாவின் படங்களைக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாருங்கள். 4 லட்சம் பேருக்கு மேல் கூடிய இடத்தில் பெரும்பாலானவர்கள் சாதா ஜீன்ஸ், டீ-சர்ட், நனைந்த கம்பளி. சட்டையே போடாதவர்களும் ஏராளம். இன்று கடைகளில் ‘ஃபெஸ்டிவல் லுக்’ என்று விற்பதை வைத்துப் பார்த்தால் அங்கே வந்திருந்த பாதிப் பேர் தேற மாட்டார்கள். (அந்தத் திருவிழாவை மேடையேறித் தொடங்கிவைத்தவர் கோவை செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. எங்கள் ஊரில் இருந்து காலையில் பஸ் ஏறினால் அவர் ஊருக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.)

தைத்தவர் பெயர் தெரியாத, அவரவரே கோத்துக்கொண்ட உடையில் ஒரு டிசைனர் எங்கே கையெழுத்துப் போடுவார்?

அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஈவ் செயின்ட் லாரன்ட் வெட்டிலும் நிறத்திலும் போட்டார். அவர் அல்ஜீரியாவின் ஓரான் நகரில் பிறந்தவர். 1966ல் மொராக்கோவின் மராகேஷுக்குப் போனார், நிறம் என்றால் என்ன என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டதாகச் சொன்னவர். அந்த ஊர்க்காரர்கள் தினமும் உடுத்தும் கஃப்தான் என்கிற தொளதொள நீள அங்கியைப் பாரிஸ் பெண்களின் மாலை நேர உடையாக மாற்றினார். எடுத்தது எங்கிருந்து என்பதும் தெரியும், செய்தது யார் என்பதும் தெரியும். அமெரிக்க டிசைனர் டாம் ஃபோர்ட் விலையில் போட்டார். 1998ல் கூச்சி (Gucci) என்ற இத்தாலிய நிறுவனத்துக்காக அவர் கொண்டுவந்த, கிழித்து மணி கோத்த ஜீன்ஸின் விலை 3,134 டாலர். உலகின் மிக விலையுயர்ந்த ஜீன்ஸ் என்று கின்னஸில்கூட ஏறியது. சரி, அது ஒரு குறும்பு. பிரெஞ்சு டிசைனர் இஸபெல் மாரான்ட் கதைதான் கசப்பு. மெக்சிகோவின் ஒவாஹாகா மலையில் மிஹே மக்கள் தலைமுறைகளாகத் தைத்துப் போடும் ரவிக்கை அவருடைய கலெக்‌ஷனில் வந்தது. அந்த டிசைன் எங்களுடையது என்று இன்னொரு பிரெஞ்சு பிராண்ட் சண்டைக்கு வந்தபோது மாரான்ட் தரப்பு சொன்ன பதில், அது அந்தக் கிராமத்தின் ரவிக்கைதான் என்பது. வழக்கு வராமல் இருந்திருந்தால் அந்த ஊரின் பெயரை யார் சொல்லியிருப்பார்கள்?

ஸ்லிமான் வேறு இடத்தில் போட்டார். துணியை விட்டுவிட்டு, அதைப் போடுகிற ஆளில் போட்டார். 2000 முதல் 2007 வரை டியோர் நிறுவனத்தின் ஆண்கள் உடைப் பிரிவில் இருந்தபோதே ஒல்லியான, ராக் கச்சேரி மேடையில் இருந்து இறங்கி வந்தாற்போன்ற ஒரு பையனை உருவாக்கிவிட்டார். அந்த சூட்டைப் போட வேண்டும் என்பதற்காகவே பிரபல டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்ட் 40 கிலோவுக்கு மேல் இளைத்தார். செயின்ட் லாரன்ட்டுக்கு அந்தப் பையன் தன் தோழியையும் கூட்டிக்கொண்டு வந்தான். 2018ல் மூவரும் செலீன் என்ற இன்னொரு பாரிஸ் நிறுவனத்துக்குப் போனார்கள். அங்கேயும் முதல் வேலையாகப் பெயரில் கைவைத்து, Céline என்பதில் ‘இ’ எழுத்தின் மேல் இருந்த பிரெஞ்சு உச்சரிப்புக் குறியை எடுத்தார். முதல் ஷோவைப் பார்த்தவர்கள் இது பழைய செயின்ட் லாரன்ட்தானே என்றார்கள். வண்டி மாறியது, பூட்டிய மாடு அதேதான். வியாபாரமும் சும்மா இல்லை. 2011ல் 35 கோடி யூரோவாக இருந்த செயின்ட் லாரன்ட் விற்பனை 2015ல் 97 கோடி யூரோ.

இப்படி வேலை செய்கிறவருக்குத் திருவிழா உடையைவிட வசதியானது எது? துணி யாருடையதாகவும் இருக்கலாம், கோப்பது மட்டும் இவர். மாடல்களைத் தேர்ந்தெடுப்பதும் விளம்பரப் படம் எடுப்பதும்கூட அவரேதான். கையில் கிடைத்ததை மாட்டியது போலத் தெரிய வேண்டும், ஆனால் எதுவும் கை தவறி வந்ததாக இருக்கக் கூடாது. எங்கள் க்யூசியின் டேப் ஞாபகம் வருகிறதா?

இது சாதாரணத் திறமையில்லை. அதனால்தான் பாதி தப்பு என்றேன்.

மீதிப் பாதி இது. கஃப்தான், பாவாடை, தொளதொள சட்டை எல்லாம் பருத்தவர், ஒல்லி, கர்ப்பிணி, கிழவி என்று யாருக்கும் ஏறும். ஹிப்பிகளுக்கு அவை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஸ்லிமானின் ஹிப்பி உடையோ குறுகிய தோள், உயர்ந்த ஆர்ம்ஹோல் (கை நுழையும் துளை) என்று ஒரே ஒருத்திக்குத்தான் ஏறும். கையெழுத்தை ஆளில் போட்டாயிற்று அல்லவா, ஆள் மாறினால் கையெழுத்து செல்லாது. 2015ல் செயின்ட் லாரன்ட்டின் ஒரு விளம்பரத்தை, அதிலிருந்த பெண் ஆரோக்கியமில்லாத அளவுக்கு மெலிந்து தெரிகிறாள் என்று பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடைசெய்தது. தைப்பவர்களோடு புழங்குகிறவன் நான். அளவு என்பது உடம்பைப் பார்த்துத் துணிக்கு எடுப்பது. துணியைப் பார்த்து உடம்புக்கு எடுத்தால் எனக்கு ஒட்டவே ஒட்டாது.

அப்புறம் அந்த டீ-சர்ட்டுகள். ரிஜெக்ட் ஆன பீஸ்கள் வழக்கம் போல லேபிள் வெட்டி, மலிவு விலைப் பனியன் சந்தையான காதர்பேட்டைக்குப் போயின. இரண்டு மாதம் கழித்து பழைய பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு பையன் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு பைக்கில் சாய்ந்து நின்றான். சுழல் இடது அக்குளுக்குக் கிட்டத்தில் தொடங்கியிருந்தது. போட்டோ எடுத்து மாஸ்டருக்கு அனுப்பினேன். “நம்ம கட்டுதானுங்க” என்று பதில் வந்தது.