பளபளப்பைப் பார்த்து நட் வாங்காதீர்கள்

நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். ஹப் மோட்டாரின், அதாவது மின்வண்டிச் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டாரின், அச்சுக்கு எந்த நட் போடலாம் என்று ஒரு தம்பி கேட்டார். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடு, துருவே பிடிக்காது" என்று வரிசையாகப் பதில்கள். வேண்டாம் என்ற எனக்குக் கிடைத்த பட்டம் 'அரைகுறை'.

துருப்பிடிக்காதது வேறு, வலுவானது வேறு. ஏ2-70 ரக ஸ்டெயின்லெஸ் நட்டின் தாங்குதிறன் 700 மெகாபாஸ்கல். 10 என்று பொறித்த கார்பன் எஃகு நட் 1000-க்கு மேல் தாங்கும்.

சாதாரண சக்கரத்து நட் அல்ல இது. மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது அச்சு பின்னோக்கிச் சுழலப் பார்க்கிறது. 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை அச்சின் 10 மில்லிமீட்டர் தட்டைப் பக்கங்கள் தாங்கினால், விளிம்பில் ஏறத்தாழ 400 கிலோ எடை அழுத்துகிறது. பிரேக்கில் மின்சாரத்தைத் திரும்ப எடுக்கும் வண்டியில் அது இரு திசையிலும் மாறி மாறி அடிக்கும். நட் தளர்ந்தால் அச்சு ஆடும். ஆடிய அச்சு ஒருநாள் சுழன்று, உள்ளே வரும் கம்பிகளை முறுக்கி அறுத்துவிடும்.

அச்சு சுழலாமல் வண்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் டார்க் ஆர்ம் என்ற தகடு இருக்கிறதே என்பார்கள். போடத்தான் வேண்டும். அதையும் பல வண்டிகளில் இந்த நட்தான் இறுக்கிப் பிடிக்கிறது.

நானும் ஒருகாலத்தில் பளபளப்புக்கு மயங்கியவன்தான். பாதி மரையிலேயே, அதாவது அச்சின் திருகுப் புரியில் பாதி ஏறும்போதே, ஸ்டெயின்லெஸ் நட் முரண்டு பிடித்தது. நீளமான ஸ்பேனரால் வலிந்து திருகினேன். ஸ்டெயின்லெஸ் மேற்பரப்பின் ஆக்சைடு படலம் உரசலில் கிழிந்தால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படியே ஒட்டியது, முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. மோட்டார் கேபிள் அந்த அச்சின் வழியாகத்தான் வெளியே வருகிறது, துணிந்து அறுக்கவும் முடியாது. கடைசியில் அச்சின் மரையும் சேர்ந்து உரிந்தது. அச்சை மாற்ற மோட்டாரையே பிரித்தேன். அந்த இரவை அனுபவித்தவனைத்தான் அரைகுறை என்கிறார்கள்.

டைட்டானியமா? அதுவும் இப்படியே ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"கார்பன் எஃகு துருப்பிடிக்குமே?" பிடிக்கும், மறுக்கவில்லை. துத்தநாகப் பூச்சு உள்ளதை வாங்குங்கள், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். துருவைக் கண்ணால் பார்த்து நட்டை மாற்றிக்கொள்ளலாம். உரியப்போகும் மரை அப்படி முன்கூட்டிக் கண்ணில் படாது.

"எங்கள் வண்டியில் ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியவர்களே, ஆகாமலே இருக்கட்டும், மனதாரச் சொல்கிறேன். ஆனால் உங்கள் பேச்சை நம்பி ஓட்டப்போவது இன்னொருவர்.

என்னை என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். அந்தத் தம்பி மட்டும் இதைப் படிக்க வேண்டும். தம்பி, ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், கையால் சுற்றும்போதே இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்பேனரை எடுக்காதீர்கள்.