ஒப்பந்தம் ஒன்றில்லை, இரண்டு

"ஐ.நா. வாகன ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருக்கு, ஓசூர்ல செய்யற பைக்கை ஐரோப்பாவில் தனி ஒப்புதல் இல்லாமலே விற்கலாம்"னு எழுதியிருக்கீங்க அண்ணே. அது தவறு. ஒரு நாட்டின் ஒப்புதலை மற்ற நாடுகள் ஏற்கணும்னு சொல்றது 1958 ஒப்பந்தம். அதில் இந்தியா இல்லை. நாம 2006-ல் சேர்ந்தது 1998 ஒப்பந்தத்தில். அது பொதுவான தொழில்நுட்ப விதிகளை வகுக்கும், அவ்வளவுதான். அடுத்த நாட்டுச் சான்றிதழை ஏற்கச் சொல்லாது. பைக் புகையை அளக்கிற டபிள்யூஎம்டிசி சோதனை அந்த வழியில் வந்ததுதான், நம்ம நாட்டு வாகனப் புகை விதியான பிஎஸ்-6லயும் இருக்கு. சோதனை முறை ஒன்றாக இருந்தாலும் ஐரோப்பிய ஒப்புதல் தனியா வாங்கியே ஆகணும். கிருஷ்ணகிரி பக்கம் உதிரிபாகப் பட்டறை வச்சிருக்கிறவங்க இதை நம்பி ஏற்றுமதிக்குக் கடன் வாங்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு. பதிவைத் திருத்திடுங்க.