விற்கவில்லை என்றால் உடைத்துவிடுவதா?

சரி, மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டேன். நம் பழைய வீடியோ கேம் மெஷின் குழுவில், ராணிப்பேட்டைக்காரர் ஒருவர் காயின் போட்டு ஆடுகிற தன் மெஷினை உடைத்துப் போட்ட போட்டோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்பவும் இங்கே போட எனக்கு மனசு வரவில்லை. அந்தப் போட்டோவுக்குக் கீழே ஒருவர் "ஒருவழியா அந்த டப்பாவுக்கு ஒரு வேலை கெடைச்சிது" என்று எழுதியிருக்கிறார். நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் ஏழெட்டுப் பேர் வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு வந்து, என் மெஷினில் ஆடிவிட்டு, என் மனைவி போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள். பெயர் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியும்.

அது ஓடிக்கொண்டிருந்த மெஷின். டிசம்பரில் நானே போய் அதில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்கிற சண்டை கேமை ஆடிவிட்டு வந்தேன். படத்தில் லேசாகப் பச்சை தூக்கலாக இருந்தது, இரண்டாவது ஆளின் ஜாய்ஸ்டிக் இடது பக்கம் சரியாகப் போகவில்லை, வேறு ஒரு குறையும் கிடையாது. பொங்கலுக்கு முன்னால் ராணிப்பேட்டைக்காரர் 45,000 என்று விலை சொன்னார். யாரும் கேட்கவில்லை. மாசியில் 30,000. அப்புறம் 22,000. போன வாரம் கேம் இருக்கிற சர்க்யூட் போர்டைக் கழற்றி பெங்களூருக்கு அனுப்பிவிட்டு, பிக்சர் டியூபைக் காயலான் கடையில் போட்டுவிட்டு, வெறும் பெட்டியை ஒரு டீக்கடைக்குக் கொடுத்துவிட்டார். டியூப் இருந்த இடத்தில் இப்போது ஒரு எல்இடி டிவி. பட்டனுக்குப் பின்னால் ஒயரே இல்லை. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

விற்கவில்லை என்றால் வைத்திருங்கள். உடைக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். பொய்கைச் சந்தையில் செவ்வாய்க்கிழமை மாடு விலை போகாவிட்டால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள், அடுத்த வாரம் ஓட்டி வருகிறார்கள். சந்தையிலேயே வெட்டிக் கூறு போட்டுவிட்டா போகிறார்கள்?

விற்பனை படுத்துவிட்டது என்பதை நான் மறுக்கவே இல்லை. கொரோனா சமயத்தில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது எல்லோருக்கும் சின்ன வயது ஞாபகம் வந்தது. 2020, 2021-இல் பழைய விளையாட்டுப் பொருள்களின் விலை அமெரிக்காவிலும் எகிறியது, நம் குழுவிலும் எகிறியது. ஒரு ஜாய்ஸ்டிக்கைக்கூட ஆட்டிப் பார்க்காமல் வாங்கிப் போட்டு, ஆறு மாதத்தில் இரட்டை விலைக்கு விற்றவர்கள் இருந்தார்கள். பிறகு விலை இறங்கியது, அவர்கள் போய்விட்டார்கள். சரி, போகட்டும். விலை ஏறியபோது அந்த மெஷின் ஒன்றும் புதிதாக மாறிவிடவில்லை. இறங்கியபோதும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதே பெட்டி, அதே டியூப், அதே பட்டன்.

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று புதிதாக வந்தவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம். 1994-இல், இப்போது பழைய பஸ் ஸ்டாண்ட் என்று சொல்கிறோமே, அதற்குப் பின்னால் ஒரு சந்தில் ஐந்து மெஷின் போட்ட ஒரு கடை இருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு காயின். கடைக்காரரை நாங்கள் எல்லோரும் பாய் என்போம். கத்திரி வெயிலில் வேலூர் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சின்ன கடைக்குள் ஐந்து டியூபும் இருபது பையன்களும். பாய் மெஷின்களின் பின்கதவைத் திறந்துவைத்து, இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்குள் காற்று போகிற மாதிரி வைப்பார். எங்களுக்கு ஃபேன் கிடையாது. கேட்டால், "நீ வெளிய போனா ஆறிடுவ, அது எங்கடா போவும்?" என்பார்.

ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் பாய் கேட்கிற முதல் கேள்வி, "எத்தினி உயிரு இருந்துது?" இரண்டு என்றால் காயினைத் திருப்பித் தருவார். கடைசி உயிர் என்றால் தர மாட்டார். பொய் சொல்ல முடியாது, பக்கத்தில் நிற்கிறவன் காட்டிக்கொடுத்துவிடுவான். நாம் முஸ்தபா என்று சொல்கிறோமே, ஜப்பான் கம்பெனி கேப்காம் 1993-இல் விட்ட 'கடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்', அதை முதலில் அங்கேதான் பார்த்தேன். அந்தப் பெயரை ஒருவனும் சொன்னதில்லை. நான்கு ஆள்களில் மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபாதான் வேகமாக ஓடுவான், அதனால் எல்லோருக்கும் அவன்தான் வேண்டும். அவனை யார் எடுப்பது என்று சண்டை வந்து சட்டை கிழிந்திருக்கிறது.

அப்பா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் இருந்து இறங்கியவர், நேராகச் சந்துக்குள் வந்து என் காதைப் பிடித்துவிட்டார். பாய் எழுந்து வந்து, "அடிக்காதீங்க நைனா, பரீச்ச முடியற வரிக்கும் நானே உள்ள வுட மாட்டேன்" என்றார். சொன்னபடியே இரண்டு மாதம் விடவில்லை. என் ஒரு ரூபாயைத் திருப்பி என் பாக்கெட்டிலேயே போட்டு அனுப்புவார். அந்தக் கடை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஐந்து மெஷினும் எங்கே போயின என்று நான் தேடாத இடம் இல்லை. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் காயலான் கடை காயலான் கடையாகக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "அதையெல்லாம் அப்பவே ஒடச்சிட்டோம்."

அதனால்தான் சொல்கிறேன், உடைக்காதீர்கள்.

இனி, நான் வருத்தப்பட்டதற்கு எனக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன். "அவர் பொருள், அவர் இஷ்டம்" என்கிறார்கள். ஆமாம், அவர் பொருள்தான். நான் என்ன போலீசுக்கா போனேன்? வருத்தப்படக்கூட எனக்கு உரிமை இல்லையா?

"ஜப்பானிலேயே மூடிவிட்டார்கள், நீங்கள் வேலூரில் உட்கார்ந்து அழுகிறீர்கள்" என்று ஒருவர். சேகா கம்பெனி 2020 ஆகஸ்டில் டோக்கியோவின் அகிஹபாராவில் தன் கேம் சென்டர் கட்டடம் ஒன்றை மூடியதும், பிறகு அந்தத் தொழிலையே விற்றதும் எனக்கும் தெரியும். வாங்கியவர்கள் பெயரை மாற்றி இன்றைக்கும் நடத்துகிறார்கள். அதோடு, கடையை மூடுவது வேறு, மெஷினை அறுப்பது வேறு.

"லேப்டாப்பில் இலவசமாக ஆடலாமே" என்பது அடுத்தது. ஆடுங்கள், நானும் ஆடுகிறேன். பழைய மெஷின் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிற 'மேம்' என்கிற சாஃப்ட்வேர் 1997-இல் வந்தது. அதைச் செய்தவர்கள் அந்த கேம்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? யாரோ உடைக்காமல் வைத்திருந்த போர்டில் இருந்துதான் ஒவ்வொரு கேமையும் எடுத்தார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் சாகச் சாக, மீதி இருப்பவர்கள் வேகமாக இறங்கி வருவார்கள். திரையில் வரைய வேண்டியது குறையக் குறைய அந்தச் சின்ன பிராசசருக்குப் பாரம் குறைந்து ஓட்டம் கூடியது. செய்தவர் அதை அப்படியே விட்டுவிட்டார். நெஞ்சு படபடக்க வைத்த அந்த வேகம் அந்த இரும்புக்குள் இருந்துதான் பிறந்தது.

அடுத்தது எனக்கு ரொம்ப வலித்தது. "அது ஒரிஜினலே கிடையாது. லோக்கல் பெட்டி, டூப்ளிகேட் போர்டு. அதுக்கா இவ்வளவு?"

ஆமாம், லோக்கல் பெட்டிதான். நம் பக்கத்தில் நாம் ஆடிய மெஷின்கள் அநேகமாக எல்லாமே நம் ஆசாரிகள் பிளைவுட்டில் அடித்து, சன்மைக்கா ஒட்டி, டிவி டியூபை வைத்துச் செய்தவை. ஜப்பானில் செய்த பெட்டி உலகத்தில் இன்னும் எத்தனையோ இருக்கிறது. காசு இருந்தால் கப்பலில் வரவழைக்கலாம். வடாற்காட்டில் ஒரு ஆசாரி அளவு எடுத்து அடித்த பெட்டியை எங்கிருந்து வரவழைப்பீர்கள்? டூப்ளிகேட் போர்டு என்று மூக்கைச் சுளிக்கிறீர்களே, நடுச்சண்டையில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி ஆளை மாற்றிக்கொண்டு, அந்தரத்தில் நெருப்பு விட்டோமே, ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூவின் அந்த ரெயின்போ எடிஷன் கேப்காம் செய்ததே இல்லை. யாரோ திருட்டுத்தனமாக மாற்றியது. அந்த மாதிரி போர்டுகள் பரவியதும் கேப்காம் 1992 கடைசியில் வேகமான பதிப்பை விட்டதற்கு ஒரு காரணம். டூப்ளிகேட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, ஐயா. நம் ஊர்ப் பிள்ளைகளின் வரலாறு அதற்குள்தான் இருக்கிறது.

அந்த ராணிப்பேட்டைப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று உங்களில் எத்தனை பேர் குனிந்து பார்த்தீர்கள்? 1985-இல் ஜப்பானில் ஜம்மா என்று ஒரு பொதுவான இணைப்பு முறை வந்தது, 56 பின். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி போர்டையும் கழற்றி மாட்டலாம் என்று ஆனது. ஆனால் பொதுவாக ஒரு ஆளுக்கு மூன்று பட்டன்தான் அதன் வழியே போகும். 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூ வந்தபோது ஆறு பட்டன் தேவைப்பட்டது. மூன்று குத்தும் ஜம்மா வழியாகப் போகும், மூன்று உதைக்கும் தனியாக ஒயர் இழுக்க வேண்டும். அந்த மெஷினில் உதைக்கான ஒயரை, பேர் தெரியாத ஒரு மெக்கானிக் டெலிபோன் கேபிளில் இழுத்திருந்தார். அழகாக நூல் சுற்றி, ஒவ்வொரு ஒயரிலும் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் தமிழில் எழுதியிருந்தார். "சின்ன உதை", "நடு உதை", "பெரிய உதை". முப்பது வருடம் அந்த மை அழியவில்லை. அதைத்தான் கட்டிங் பிளேயரால் நறுக்கித் தரையில் போட்டிருக்கிறார்கள். போட்டோவில் இடது ஓரத்தில் கிடக்கிறது, பாருங்கள்.

"வீட்டில் இடம் இல்லை, செலவு ஆகிறது" என்பவர்களிடம் நான் சண்டை போடவில்லை. உண்மைதான். என் முஸ்தபா அசல் போர்டு, அதில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் உள்ளே இருக்கும் ரகசியக் குறியீடு அழிந்து கேமே ஓடாது. அது எப்போது சாகுமோ என்று நான் பயந்த பயம் என் மனைவிக்குத்தான் தெரியும். கண்டன்சர் மாற்றவும் சாலிடர் செய்யவும் நம் ஊரில் இன்னும் இரண்டு மூன்று டிவி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது. அவர்களில் ஒருவர், 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச 14 இஞ்ச் கலர் டிவிகள் பழைய இரும்புக்கு வர ஆரம்பித்தபோது, அதில் இருந்து பாகங்களைக் கழற்றி மூட்டை கட்டிவைத்தார். அதில்தான் நம் பாதி மெஷின் ஓடுகிறது. டிவிக்கான பிக்சர் டியூப் செய்யும் தொழிற்சாலை இனி வரப்போவதில்லை. ஒன்று உடைந்தால் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக, "இவ்வளவு பேசுற நீ ஏன் வாங்கலை?" உள்பெட்டியில் இதை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். மாசியில் நான் ராணிப்பேட்டைக்காரருக்குப் போன் செய்தேன். 30,000 சொன்னார். 15,000-க்குக் கேட்டேன். மகளின் கடைசி செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, என்னிடம் அவ்வளவுதான் இருந்தது. இது உண்மை. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று நினைத்ததும் உண்மை. 22,000 என்று போட்டபோது பார்த்தேன், போன் செய்யவில்லை. நான் மட்டும் இல்லை, குழுவில் எல்லோருமே இறங்கட்டும், இறங்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தோம்.

புதிதாக வாங்க ஆளே இல்லை என்கிறோமே, வந்தவனை என்ன செய்தோம்? போன வருடம் காட்பாடியில் படிக்கிற ஒரு பையன், "10,000 ரூபாய்க்குள்ள ஏதாவது கெடைக்குமாண்ணா, ரிப்பேரா இருந்தாலும் பரவாயில்ல" என்று கேட்டான். ஜம்மா என்றால் என்ன என்று தெரியாமல் கேட்டுவிட்டான் என்று எத்தனை பேர் அவனைக் கிண்டல் செய்தீர்கள். 60,000 கொண்டு வா என்றார் ஒருவர். நானும் அன்றைக்கு அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் போய்விட்டான். நாம் மெஷினைப் பூட்டிய ரூமில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். நம் பிள்ளைகளின் நண்பர்கள்கூடத் தொடக் கூடாது. ஒரு தடவைகூட அந்த ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துப் பார்க்காதவன் எதற்கு 45,000 கொடுத்து வாங்குவான்? பாய் இருபது பையன்களை உள்ளே விட்டார். அந்த இருபதில் ஒருவன்தான் நான்.

அந்தத் தம்பி இதைப் படித்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடட்டும். என்னிடம் டியூப் போன ஒரு பெட்டி இருக்கிறது. காசு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ராணிப்பேட்டைக்காரருக்கு: எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது, அது தீர நாளாகும். ஆனாலும் ஒரு உதவி. டியூபை எந்தக் காயலான் கடையில் போட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கழுத்து உடையாமல் இருந்தால் போதும், நாளைக்குக் காலையில் நானே ஆட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன். டீக்கடைக்காரர் அந்தத் துண்டு ஒயர்களைப் பெருக்கித் தள்ளாமல் இருந்தால் அதையும் ஒரு கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.