எந்த ஓவனில் ஐயா பன்னிரண்டு நிமிடம்?

“200 டிகிரி, 12 நிமிடம், அவ்வளவுதான்!” வெட்டினால் நடுவிலிருந்து சாக்லெட் குழம்பு ஓடும் லாவா கேக்கின் குறிப்பு எதை எடுத்தாலும் இந்த ஒரு வரிதான். எந்த ஓவன்? எத்தனை மில்லி கப்? பீங்கானா, அலுமினியமா? கலவை மேசையில் இருந்ததா, ஃபிரிஜ்ஜிலிருந்து வந்ததா? ஒன்றும் கிடையாது. அதை நம்பி மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கில் ஒரு வீட்டில் பட்டரும் சாக்லெட்டும் முட்டையும் கொட்டிச் செய்கிறார்கள். கத்தியை வைத்தால் நடுவில் பஞ்சு கேக். அல்லது கவிழ்த்த மறுநொடியே தட்டு முழுக்கக் குட்டை. உடனே வீட்டில் ஒரு பேச்சு வரும்: “உனக்குக் கைராசி இல்லை.” எரிச்சலாக வருகிறது. கைராசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எழுதியவர் பாதியை முழுங்கிவிட்டுப் பாதியைக் கொடுத்திருக்கிறார். பழி மட்டும் செய்தவள் தலையில்.

இந்தக் கேக்கில் நடப்பது ஒன்றே ஒன்றுதான். முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும். மஞ்சள்கரு 65-லிருந்து 70-க்குள். கப்பின் ஓரம் அதைத் தாண்டி நன்றாக வெந்து சுவர் மாதிரி நிற்க வேண்டும், நடு மட்டும் முழுக்க இறுகாமல் கெட்டிக் குழம்பாக இருக்க வேண்டும். கப் சின்னது என்பதால் ஓரத்துச் சூடு நடுவுக்கு மளமளவென்று போய்விடும். சரியான பதத்துக்கும் பஞ்சுக்கும் இடையில் ஒன்று, ஒன்றரை நிமிடம்தான் இடைவெளி. இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள ஒரு பண்டத்துக்குக் கப் அளவு சொல்லாமல் நேரம் மட்டும் சொல்வது பொறுப்பில்லாத வேலை.

முட்டையையே எடுங்கள். “முட்டை 3” என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் நாட்டில் முட்டை கிரேட் பார்த்துத்தான் விற்கிறது. கிரேட் ஏ என்றால் 65-லிருந்து 70 கிராமுக்குள், பி 60-லிருந்து 65-க்குள், சி 55-லிருந்து 60-க்குள். இரண்டு முழு முட்டையும் இரண்டு மஞ்சள்கருவும் போடும் இடத்தில் ஏ-க்கும் சி-க்கும் நடுவே 20 கிராம் வாக்கில் வித்தியாசம் விழும். நான்கே கப் கலவையில் அது சின்ன விஷயமா? “ஒரு கப் மாவு” என்பது இன்னும் மோசம். எந்தக் கப்? சில வீடுகளில் இன்னும் பால் டின்தான் அளவை. தராசு வாங்குங்கள். தராசு இல்லாமல் இந்தக் கேக்கைத் தொடவே கூடாது.

150 மில்லி கப் நான்குக்கு இதுதான் அளவு: டார்க் சாக்லெட் (55-60 சதவீதம்) 120 கிராம், உப்பில்லாத பட்டர் 100 கிராம், கிரேட் பி முழு முட்டை 2, மஞ்சள்கரு மட்டும் 2, காஸ்டர் சீனி 50 கிராம், சாதாரணக் கோதுமை மாவு (மைதா) 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. பேக்கிங் பவுடர் வேண்டாம். பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் ‘நாயிக் செண்டிரி’ மாவு வேண்டவே வேண்டாம், அது நடுவைத் தூக்கிவிட்டுப் பஞ்சாக்கும். சாக்லெட்டையும் பட்டரையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து ஒன்றாகவே உருக்குங்கள். கொதிநீர் கிண்ணத்தின் அடியைத் தொடக் கூடாது. தனிச் சாக்லெட்டில் ஒரு சொட்டு நீராவி விழுந்தாலும் மணல் மாதிரி இறுகிப் போகும்; பட்டரோடு சேர்ந்து உருகும்போது அந்த ஆபத்து குறைவு. உருகியதும் விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். சூட்டோடு முட்டையில் ஊற்றினால் திரிந்துவிடும். முட்டையையும் சீனியையும் சீனி கரையும்வரை கலக்கினால் போதும். மிக்சரைப் போட்டு நுரை பொங்க அடித்துவிட்டு, “மேலே ஏன் வெடிக்கிறது?” என்று கேட்கிறார்கள். உள்ளே அடைத்த காற்று அது, வெடிக்காமல் என்ன செய்யும்! மாவைச் சலித்துப் போட்டு, வெள்ளை மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

இனி சாக்லெட். உண்மையில் கோபம் வருவது இங்கேதான்.

எஸ்டேட் பக்கத்துச் சின்னப் பட்டணங்களில் ‘சாக்லெட்’ என்று ஒரு கிலோ கட்டியாகக் கிடைப்பதில் பெரும்பாலானது கொம்பவுன், அதாவது வேறு கொழுப்பில் செய்த சாக்லெட். பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். ‘மெந்தேகா கோக்கோ’ என்று இருந்தால் அது கொக்கோ பட்டர், நிஜச் சாக்லெட். ‘மினியாக் இசிரோங் சாவிட்’ என்றோ ‘லெமாக் சாயூர்’ என்றோ இருந்தால் கொக்கோ பட்டரை எடுத்துவிட்டு வேறு கொழுப்பைப் போட்டிருக்கிறார்கள். முன்னது செம்பனை விதை எண்ணெய், பின்னது தாவரக் கொழுப்பு. கொக்கோ பட்டர் 34 டிகிரி வாக்கில் உருகும், நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. அதனால்தான் நாக்கில் பட்டதும் கரைகிறது. கொம்பவுனில் போடுவது கெட்டியாக்கிய கொழுப்பு. கேக்குக்கு மேலே பூசினால் வெயிலிலும் நிற்கட்டும் என்று செய்தது. அந்த வேலைக்கு அது சரியான சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் லாவாவுக்குப் போட்டால் நடுவில் எண்ணெய் பிரிந்து நிற்கும், மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும், கொக்கோ குறைவாகவும் சீனி அதிகமாகவும் இருப்பதால் தித்திப்பு திகட்டும். வேறு கிடைக்காவிட்டால் சீனியை 20 கிராமாகக் குறைத்து, கொக்கோ பவுடர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, பட்டரில் 20 கிராம் எடுத்துவிடுங்கள். ஓரளவு தேறும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மனம் ஆறாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கீழ்ப்பேராக்கில் தென்னை மரங்களுக்கு இடையே கொக்கோ நின்ற காலம் ஒன்று இருந்தது. 1990-இல் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் டன். அப்புறம் விலை விழுந்தது, காய் துளைக்கும் பூச்சி படுத்தியது, மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். கொக்கோ காய்த்த மண்ணில் இன்று நல்ல சாக்லெட் கட்டி ஒன்று வாங்க தெலுக் இந்தான்வரை காடி எடுக்க வேண்டியிருக்கிறது. வாங்கி வந்தாலும் வீட்டில் 32 டிகிரி. ஃபிரிஜ்ஜில் வைத்து எடுத்த உடனே உறையைப் பிரித்தால் மேலே நீர் கோத்துக்கொள்ளும், உருக்கும்போது அந்த ஈரமே இறுக்கிவிடும். சூடு தணியும்வரை உறையோடு வெளியில் கிடக்கட்டும் என்று எந்தக் குறிப்பாவது சொல்கிறதா? குளிர் நாட்டில் எழுதியதை அப்படியே பெயர்த்துப் போட்டால் இதெல்லாம் எப்படி வரும்!

ஓவன். மேசைமேல் வைக்கும் சின்ன ஓவனில் திருகியைத் திருப்பிக் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். 20, 30 டிகிரி கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். விளக்கு அணைந்தால் கம்பி ஒரு சுற்றுச் சூடேறி நின்றது என்றுதான் அர்த்தம். சுவர்களும் தட்டும் சூடாக 20 நிமிடமாவது வேண்டும். உள்ளே தொங்கவிடும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி 220 டிகிரி காட்டும்வரை காத்திருங்கள். காற்றாடி உள்ள ஓவனானால் 200. மேல் கம்பிக்கு நெருக்கமாக வைக்காமல் நடுத்தட்டுக்குக் கீழே வையுங்கள். பட்டர் தடவிக் கொக்கோ பவுடர் தூவிய மெல்லிய அலுமினியக் கப்பில் முக்கால் அளவு ஊற்றினால் 8-லிருந்து 9 நிமிடம். பீங்கான் கப் மெதுவாகச் சூடேறும், 10-லிருந்து 11. முதலில் ஒரே ஒரு கப்பை வைத்து உங்கள் ஓவனின் நேரத்தைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், சூடு சட்டென்று இறங்கிவிடும்.

வெந்துவிட்டதா என்று கண்ணே சொல்லும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மங்கலாக, கெட்டியாக இருக்கும். நடுவில் 50 சென் காசு அளவு இடம் மட்டும் கப்பைத் தட்டினால் தளதளவென்று ஆடும், லேசாகப் பளபளக்கும். பளபளப்பு முழுக்கப் போய்விட்டால் தாமதம். வெளியே எடுத்துச் சரியாக ஒரு நிமிடம் விடுங்கள், சுவர் கொஞ்சம் விலகி நிற்கும். மெல்லிய கத்தியை ஓரமாக ஒரு சுற்று விட்டு, தட்டைக் கப்பின்மேல் கவிழ்த்து வைத்து, இரண்டையும் சேர்த்துத் திருப்பி, பத்து எண்ணி, கப்பை நேர் மேலே தூக்குங்கள். மூன்று நிமிடம் விட்டால் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும்.

ஓவனே இல்லாமல் ஆவியில் வைக்கலாம். மூடிக்குத் துணி கட்டாவிட்டால் தண்ணீர் சொட்டும். சுவர் உறுதியாக நிற்காது, கப்போடு கரண்டி போட்டுத்தான் சாப்பிட வேண்டும். கவிழ்த்துக் காட்டும் படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

வேகாத கலவைதான் லாவா என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதைப் பார்த்தால் பதறுகிறது. முட்டைக் கிருமி சாக நடுப்பகுதி 71 டிகிரியைத் தொட வேண்டும். அதற்கு வேறு வழி இருக்கிறது, அதுதான் மூத்த வழியும்கூட. 1981-இல் பிரான்சில் மிஷேல் பிரா என்ற சமையல்காரர் செய்த கேக்கில், உறையவைத்த சாக்லெட் உருண்டையை நடுவில் புதைத்து வேகவைத்தார். ஜான் ஜார்ஜ் வோங்கெரிக்டன் நியூயார்க்கில் அரை வேக்காட்டுக் கேக்கைப் பரப்பியது 1987-இல். 60 கிராம் சாக்லெட்டில் 60 மில்லி சூடான கிரீம் ஊற்றிக் கலக்கி, நான்கு உருண்டையாக ஃபிரீசரில் இறுகவைத்து, கலவையின் நடுவில் புதைத்து, கேக் பகுதி முழுக்க வேகும்வரை 13, 14 நிமிடம் விடுங்கள். உள்ளே முட்டையில்லாத குழம்பு ஓடும்.

கடைசியாக, பிறந்தநாள் ஆர்டர் கொடுப்பவர்களுக்கு. மாலை நாலு மணிக்குச் சுட்டு இரவு எட்டு மணிக்கு வெட்டினால் ஓடாது. தாபாவ் வாங்கிப் போய் வீட்டில் வெட்டினாலும் ஓடாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடு இறுகிவிடும், ஃபிரிஜ்ஜில் வைத்தால் பட்டரும் சாக்லெட்டும் உறைந்து அல்வாவாகும். செய்தவரை ஏன் திட்டுகிறீர்கள்? சுடாத கலவையைக் கப்போடு மூடி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரிஜ்ஜில் ஒரு நாள் தாங்கும். விருந்தாளிகள் சோற்றில் ரசம் ஊற்றும்போது ஓவனைப் போடுங்கள், கை கழுவ எழுந்ததும் கப்பை உள்ளே வையுங்கள். குளிர்ந்த கலவைக்கு இரண்டு நிமிடம் கூட வேண்டும்.